ரெண்டு கோர் டப்பாவும் தாலி ஏறாத கல்யாணமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுதினால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுத்தும் அப்படி, விஷயமும் அப்படி. சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனேன். தேயிலைக் கொழுந்து அதிகமாக வந்த மாதங்களில் அதுவும் கிடையாது. மறதி வேறு. காலையில் அகப்பையை எங்கே வைத்தேன் என்பது சாயங்காலம்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாப்பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் சிப்புக்குள்ளே பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்த கதை இது. ரெண்டாயிரத்து ஒன்பதாம் வருஷமாக இருக்கும். கரண்டு ஒழுங்காக நிற்காத காலம், அது மட்டும் நிச்சயம்.

அப்போது நான் பண்ணைக்காட்டில் மகள் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு, சிலோனிலிருந்து வந்து நாங்கள் குடியேறின பெரும்பாறைத் தோட்டத்தில் தனியாக என்ன செய்வது என்று மகள் கூட்டி வந்துவிட்டாள். அவளுக்குக் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. வெள்ளனே முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். மாப்பிள்ளைக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில். வீட்டின் முன் அறைதான் ஸ்டூடியோ. ஒரு நீலத் திரை, பிளாஸ்டிக் ரோஜா, போட்டோவுக்கு உட்காருகிற கை வைத்த நாற்காலி, மேசை மேல் கம்ப்யூட்டர் திரை, அடியில் அதன் பெட்டி.

எங்கள் ஆட்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கிடையாது. சண்டை ஒன்றுமில்லை, மரியாதை. அவர் வந்தால் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம், அதனால் இந்த வழக்கம் சௌகரியமாகவே இருந்தது. மகள் இருந்தால் பேச்சு அவள் வழியாகப் போகும். அவள் இல்லாத பகலுக்கு எங்களிடம் ஒரு கறுப்புக் கோழி இருந்தது.

"சோறு ஆயிருச்சு, பசிக்கிறவங்க சாப்பிடலாம்" என்று நான் கோழியிடம் சொல்வேன். அவர் வந்து உட்காருவார். குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் அவர் விட்டத்தைப் பார்த்து, "இந்த வருசம் புளி நல்ல காய்ப்பு போலருக்கு" என்பார். மறுநாள் புளி குறையும். மூன்று வருஷம் இப்படியே குடும்பம் நடந்தது. அந்த வீட்டில் எல்லா விஷயமும் தெரிந்தது அந்தக் கோழிக்கு மட்டும்தான்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். கீழே காப்பித் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். என் மாப்பிள்ளைதான் வீடியோ. பெண்ணும் அவள் புருஷனும் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி மலேசியா போகிறார்கள், அதற்குள் கேசட் கையில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது தட்டு மாதிரி பளபளவென்று இருக்கிற டிவிடி. ஆனால் எங்கள் ஊரில் அதற்கும் கேசட் என்றுதான் பெயர்.

எடுத்த படத்தையெல்லாம் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, கடைசியில் கம்ப்யூட்டரில் ஒரே மூச்சாக வேக வைக்க வேண்டும். மாப்பிள்ளை அதற்கு ரெண்டரிங் என்று பெயர் சொல்வார். நடுவில் அடுப்பு அணைந்தால் பானை கெட்டுப்போகும், மறுபடியும் முதலிலிருந்து உலை வைக்க வேண்டும். துண்டு துண்டாக வேக வைத்தால் ஒட்டுகிற இடத்தில் நாதஸ்வரம் எகிறிக் குதித்தது. கரண்டு ஒரு தடவை வந்தால் மூன்று மணி நேரம் போல நிற்கும். அந்தப் பழைய மெஷினுக்கு அது போதவில்லை. யுபிஎஸ் பேட்டரி உப்பிப் போய் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தது.

வேகிற வரைக்கும் படம் திரையில் மெதுவாக நகரும். பெண் அழைப்பு வரும், மாலை மாற்றுவார்கள், அப்போது கரண்டு போகும். எத்தனை தடவை போட்டாலும் அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறவில்லை.

இது எப்படியோ மாப்பிள்ளையின் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அவர் பண்ணைக்காட்டுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவர். அந்த ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவர்தான் என் மாப்பிள்ளை. கல்யாணமான கையோடு அதை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். அண்ணனுக்கு அந்த எரிச்சல் அடங்கவே இல்லை. வாசலில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்:

"ஏலே, தாலிய மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் எடுக்குறியாமே? பேசாம வந்து வண்டியில தொத்திக்க. எஞ் ஜீப்புக்குக் கரண்டு வேண்டியதில்ல."

அன்றைக்குச் சாப்பிடும்போது மாப்பிள்ளை விட்டத்திடம் சொன்னார். இந்தக் கேசட்டை நேரத்துக்குக் கொடுக்க முடியாவிட்டால் தோட்டக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிடுவார், பிறகு இந்தப் பக்கத்துக் கல்யாணமெல்லாம் வத்தலக்குண்டு ஸ்டூடியோவுக்குப் போய்விடும், கேமராவை விற்றுவிட்டு ஜீப்பிலேயே ஏறிவிட வேண்டியதுதான். விட்டத்துக்கு அது எப்படி இருந்ததோ, கதவுக்குப் பின்னால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை அவர் மதுரைக்குப் போய்ப் புது சிப்பு வாங்கி வந்தார். சிப்பு என்றால் கம்ப்யூட்டரின் மூளை. டப்பா ஒரு சின்னப் பானை அளவு இருந்தது. நான் குங்குமம் வைத்தேன், டப்பா மேல்தான். மாப்பிள்ளை அதைக் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, கத்தியால் ஒட்டுத்தாளைக் கீறி, பஞ்சு விலக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தார். சிப்புக்கு விசிறுகிற ஒரு காத்தாடி வந்தது. ஒரு புத்தகம் வந்தது, அதை அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் பிஸ்கட் அளவு ஒரு சாமான். மேலே வெள்ளித் தகடு, கீழே தங்க நிறத்தில் ஊசி ஊசியாக, தேயிலை நாற்றங்கால் மாதிரி வரிசை தப்பாமல். இவ்வளவு பெரிய டப்பாவில் இவ்வளவுதானா என்று நான் கோழியிடம் கேட்டேன்.

அப்போதுதான் அவர் விட்டத்திடம் அந்த ரகசியத்தைச் சொன்னார். டப்பா மேல் ரெண்டு கோர் என்று போட்டிருக்கிறது. கோர் என்றால் உள்ளே வேலை செய்கிற அறை. ஆனால் உள்ளே இருப்பது நாலு. கம்பெனியே ரெண்டைப் பூட்டி, ரெண்டறைச் சிப்பு என்று விற்கிறான். சிலதில் பூட்டின அறை நிஜமாகவே பழுது. சிலதில் ஒரு பழுதும் இருக்காது, சின்னச் சிப்பு கேட்கிற ஆள் நிறைய என்பதால் சும்மா பூட்டியிருப்பான். கம்ப்யூட்டர் முழிப்பதற்கு முன்னால் ஒரு நீலப் பலகை வரும், அதற்குள் போய்ச் சொன்னால் பூட்டு திறந்துகொள்ளும். உள்ளே ஒழுகுகிறதா இல்லையா என்பது திறந்தால்தான் தெரியும். கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு இது புரியாமல் இல்லை. சிலோனில் எங்கள் லயத்தில் வரிசையாக வீடு, நடுநடுவே தோட்டத்துத் தொரை பூட்டி வைத்த வீடு ரெண்டு மூணு இருக்கும். சிலது கூரை ஒழுகுகிறது என்று பூட்டினது, சிலது சும்மா பூட்டினது. வெளியே தொங்குகிற பூட்டு ரெண்டுக்கும் ஒன்றுதான்.

மாப்பிள்ளை அதோடு நின்றிருக்கலாம். வாழை மரத்தடியில்தான் எங்கள் வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே போய் அண்ணனைக் கூப்பிட்டு, நாலையும் திறக்கிறேன் பார் என்று அளந்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை சிப்பை மாட்டினார். முதலில் ரெண்டறையிலேயே ஓட்டிப் பார்க்கக் கடையில் சொல்லியிருந்தார்களாம். ஓட்டினார். நல்ல வேகம். மாலை மாற்றி, பாத பூஜை முடிந்து, அந்தப் பையன் தாலியைக் கையில் எடுத்துவிட்டான். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு போய்விட்டது.

மத்தியானம் கரண்டு வந்ததும் பூட்டைத் திறக்கிற வேலை. சாயங்காலம் மறுபடியும் போகும், அதற்குள் திறந்து, வேக வைத்து, தட்டில் இறக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அந்தக் கம்ப்யூட்டரில் ஆன் பண்ணுகிற பொத்தான் உடைந்து வருஷக் கணக்காகிறது. மாப்பிள்ளை மேசைக்கு அடியில் தலையை விட்டுக் குப்புறப் படுத்து, இடது கையால் ஒயர்க் கத்தையை விலக்கிப் பிடித்து, வலது கையில் ஸ்க்ரூ டிரைவரால் ரெண்டு கம்பியைத் தொடுவார், அது உயிர் பெறும். நீலப் பலகை வர வேண்டுமென்றால் உயிர் பெற்ற அந்த நிமிஷமே மேலே கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு. அவருக்கு இருந்தது ரெண்டே கை. கீபோர்டைத் தரையில் இறக்கி முழங்கையால் அமுக்கிப் பார்த்தார். பத்துப் பொத்தான் சேர்ந்து அமுங்கி மெஷின் கீ கீ என்று கத்தியது.

எழுந்தார். மகளின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, கீபோர்டில் அந்தப் பொத்தான் மேல் ஒட்டினார். பிறகு கோழியைப் பார்த்து, யாராவது மேசைப் பக்கம் வந்து நின்றால் உதவியாக இருக்கும் என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் நின்றேன். அவர் குனிந்து அடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அடியிலிருந்து சத்தம் வந்தது:

"மேல யாராச்சும் இருந்தா, அந்தப் பொட்டு வெச்ச பொத்தானைக் கொஞ்சம் அமுக்கிவிட்டா நல்லாருக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் முழித்து, நீலப் பலகையைத் தாண்டி, ரொம்ப தூரம் போய்விட்டது. மறுபடியும் அணைத்து, மறுபடியும் தொட்டார். இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கினார்:

"பொட்டுக்கிட்ட நிக்கிறவங்க இப்ப அமுக்கலாம்."

அதுவும் நீளம்தான். எனக்கும் பதற்றம். "எப்ப அமுக்கணுமாம்?" என்று கோழியிடம் கேட்டேன். கோழி அறையிலேயே இல்லை. அது எப்போதோ வாசலுக்குப் போய்விட்டிருந்தது. அவர் அடியில், நான் மேலே, நடுவில் பேச்சைக் கொண்டுபோக ஒரு ஜீவன் இல்லை. கரண்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அடியில் ஸ்க்ரூ டிரைவர் மறுபடியும் கம்பியைத் தொட்டது. கூடவே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்:

"அத்த."

அமுக்கினேன். நீலப் பலகை வந்தது.

மூன்று வருஷத்தில் அவர் என்னை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் பலகையைப் பார்த்தோம். அவர் அம்புக்குறிப் பொத்தான்களை அமுக்கிக் கீழே மேலே போய், நாலு என்கிற எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். எண்தான், அது எனக்கும் படிக்க வரும்.

நாலறையோடு மெஷின் கிளம்பியது. பச்சை மேடும் நீல வானமும் வருகிற அந்தப் படம் வந்தது. எங்கள் ஊர்தான், பனி மஞ்சு மூடாமல் இருந்தால் இப்படித்தான் இருக்கும். வந்து அப்படியே உறைந்து நின்றது. மறுபடியும் "அத்த", மறுபடியும் நான், மறுபடியும் உறைந்தது. அடுத்த தடவை அந்த மேடுகூட வரவில்லை, ஒரே இருட்டு. செத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் உள்ளேயிருந்து வட்டக் காசு மாதிரி ஒரு பேட்டரியைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாலு திறக்கச் சொன்னது அதற்கு மறந்துபோகட்டும் என்று சொல்லிவிட்டு வாழை மரத்தடிக்குப் போனார். கடைக்காரரோடு பேசிவிட்டு வந்த முகம் நன்றாக இல்லை. பேட்டரியைத் திரும்ப மாட்டினார். ஆனால் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்டத்திடமும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரம் வேறு போகிறது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் திறந்துவிட்டது.

"மாப்பிள்ள, எங்க லயத்துல ஒழுகுற வீட்ட விட்டுட்டு மத்த வீட்டுல இருப்போம். எல்லாத்துலயும் குடியிருக்கணும்னு தலையெழுத்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைக்காரனும் அதத்தான் சொல்றான், ஒவ்வொண்ணா திறந்து பாருன்னு. எங்க அண்ணங்கிட்ட நாலுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன் அத்த."

"உங்க அண்ணனா வந்து எண்ணிப் பாக்கப் போறாரு? வெரசா படுங்க."

மருமகனைப் படு என்று அதட்டின மாமியார் எங்கள் வம்சத்திலேயே நான்தான். அவர் மறு பேச்சில்லாமல் அடியில் போனார்.

மூன்றாவது அறையைத் திறந்ததும் உறைந்தது. அதைப் பூட்டிவிட்டு நாலாவதைத் திறந்தார். மேடு வந்தது, வானம் வந்தது, அம்புக்குறி நகர்ந்தது. ஆக மூன்று அறை. கல்யாணத்தை உலையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப். தோட்டக்காரர் கேசட் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்த ஆள் வேறு யாருமில்லை, அண்ணன்தான். உள்ளே வந்து கை வைத்த நாற்காலியில் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"என்னலே, நாலும் திறந்துச்சா?"

நான் கதவுக்குப் பின்னால் போய் முறத்தில் அரிசி புடைக்க ஆரம்பித்திருந்தேன். மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"மூணுதான். ஒண்ண உனக்குன்னு பூட்டி வெச்சிருக்கேன். ஜீப்பு ரிப்பேரானா வந்து படுத்துக்க."

அண்ணனுக்குக் காப்பி கொடுத்தேன், கோழி வழியாக.

பெண் அழைப்பு வந்தது. மாலை மாற்றினார்கள். அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். வெளியே மஞ்சு இறங்கி விளக்குப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது, கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பையன் தாலியைக் கையில் எடுத்தான். நான் முறத்தோடு கதவை விட்டு வெளியே வந்துவிட்டேன், அதுகூட எனக்குத் தெரியவில்லை. தாலி ஏறியது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன் இல்லையா, கை தானாக ஒரு பிடி எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிட்டது. அண்ணன் எழுந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மேசைக்கடியில் பெட்டி மூடியில்லாமல் திறந்து கிடந்தது. நாலைந்து அரிசி உள்ளே போயிருக்கும். இன்றைக்கும் அங்கேயே கிடக்கும்.

சீர் வைத்தார்கள், பந்தி நடந்தது, எல்லாரும் கையசைத்தார்கள். தட்டில் இறக்கி, உறையில் போட்டு, அண்ணன் கையில் கொடுத்து ஜீப் வளைவு திரும்புகிற சமயம் கரண்டு போனது. போட்டுப் பார்க்க நேரமில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே, "அத்த, இன்னுங் கொஞ்சம் ரசம்" என்றார். பழக்க தோஷம். மகள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "நான் வேலைக்குப் போயிட்டா இந்த வீட்டுல என்னவெல்லாம் நடக்குது" என்றாள். நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தோட்டக்காரர் தானே ஜீப்பில் ஏறி வந்தார். கேசட்டில் ஏதோ கோளாறு என்று நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். கோளாறுதான். பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிற இடத்தில், அவர் முகத்திலும் சால்வையிலும் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகத் தெறித்திருக்கிறது. அந்த நாலாவது அறையும் கொஞ்சம் ஒழுகியிருக்கிறது. இல்லாவிட்டால் என் அரிசி. இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

தோட்டக்காரர் சொன்னது இதுதான்:

"எம் மச்சான் மூஞ்சியில மின்ன விட்டீங்களே ஒரு எஃபெக்டு, பிரமாதம் தம்பி. பந்தியில மொதல்ல எல போடலன்னு சண்ட போட்டவன், அவனுக்கு வேணும். சின்னவளுக்குத் தையில வெச்சிருக்கு, அதே எஃபெக்டு போட்டுருங்க. சம்பந்தி வீட்டாருக்கும் சேத்து."

மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தார். "போட்டுரலாம்ங்க. அது கொஞ்சம் ஸ்பெசலு" என்றார்.

அதோடு ஜீப் பேச்சு முடிந்தது. சுற்றுப்பட்டு ஊரிலெல்லாம் அந்தப் பச்சைத் தெறிப்பு கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கிறவர்களுக்கு அந்த நாலாவது அறையைத் திறப்பார், வேண்டாத வீட்டுக்குப் பூட்டிவிடுவார். ஒவ்வொரு தடவையும் அவர் மேசைக்கு அடியில் படுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நான் பொட்டுக்கிட்ட நிற்க வேண்டும். ஆன் பொத்தானை அவர் கடைசி வரைக்கும் சரி பண்ணவே இல்லை. மகள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "அத்த" என்கிற பேச்சு அந்த நேரத்துக்கு மட்டும்தான். எழுந்துவிட்டால் மறுபடியும் விட்டமும் கோழியும்.

இதில் எனக்குச் சந்தேகம் நிறைய இருக்கிறது. மெஷினை உறைய வைத்த அறை மூன்றாவதா நாலாவதா, நான் மாற்றி எழுதியிருக்கலாம். பச்சை தெறித்தது தாய்மாமன் மேலா, பக்கத்தில் நின்ற பூசாரி மேலா என்பதும் இப்போது கலங்குகிறது. யாராவது பண்ணைக்காட்டுப் பக்கம் வந்தால் என் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். நானே கேட்கலாம், பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஆனால் நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் கோழியும் இப்போது இல்லை.